கிளட்சுக்குப் பழகிய ஷூ

செருப்பு கடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு யாராவது கடைக்குத் திரும்பி வந்தால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். செருப்புக்கு ஏது பல்? புதுத் தோல் விறைப்பாகத்தான் இருக்கும். புது மாப்பிள்ளையே மாமனார் வீட்டில் நாலு நாள் முறைப்பாகத்தானே உட்கார்ந்திருக்கிறான். சித்தூர் பஜார் தெருவில் ஒரு செருப்புக் கடையில் நான் சேல்ஸ்மேன். பெயர் தனசேகர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே கடை, அதே குட்டி ஸ்டூல். மனிதர்களின் முகத்தைவிட அவர்களுடைய பாதம்தான் எனக்கு நன்றாக ஞாபகத்தில் நிற்கும்.

ஷூ வாங்க வருகிறவர்களுக்கு நான் ஒரு பாடம் நடத்துவேன். சாயங்காலமாக வாங்க, நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போதுதான் சரியான அளவு கிடைக்கும். கெட்டியான சாக்ஸ் போட்டுப் பாருங்கள். குதிகாலில் உரசுகிற இடத்தில் உள்பக்கமாகத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே போட்டுக்கொண்டு போவதற்கு முன் தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். இதைத் தமிழிலும் சொல்வேன், தெலுங்கிலும் சொல்வேன். எல்லோரும் பக்தியாகத் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் குதிகாலில் பிளாஸ்திரியோடு வந்து நிற்பார்கள். சொன்ன மாதிரி செய்தீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இத்தனை பேசுகிற என் வீட்டிலேயே என் மனைவி தேவயானி ஷூ என்ற ஒன்றைக் காலில் மாட்டியது கிடையாது. அவள் மினி லாரி டிரைவர். குடிபாலா பக்கத்தில் எங்கள் ஊர். மாங்காய் சீசனில் தோப்புகளிலிருந்து சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு அடிப்பாள். மற்ற மாதங்களில் தக்காளி, செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது வந்தாலும் ஏற்றுவாள். வண்டி அவளுடைய நைனா வாங்கியது; எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆண் பிள்ளை இல்லையே என்று ஊரில் யாராவது இழுத்தால், "எம்பொண்ணு ஸ்டியரிங்கப் புடிச்சா ஒங்க வூட்டு ஆம்பளைங்க ஓரமா ஒதுங்கி நிக்கணும், தெரியுமா?" என்பாராம் மனிதர். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் மகளுக்குப் பழக்கிவிட்டுப் போனது ஓட்டுவதை மட்டுமல்ல. வண்டி லட்சுமி. ஏறுவதற்கு முன் செருப்பைக் கீழே கழற்றிவிட வேண்டும். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும். எங்கள் பக்கம் டிராக்டர், லாரி ஓட்டுகிற பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. தேவயானி அவர்களையெல்லாம் விட ஒரு படி மேல். கழற்றின செருப்பை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையே மறந்துவிடுவாள். அவள் விட்டுவிட்டு வந்த செருப்புகள் எத்தனை தோப்புகளில் கிடக்கின்றனவோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம். புருஷன் செருப்புக் கடையில் இருக்கும்போது அவளுக்கென்ன கவலை?

போன சீசனில் ஃபேக்டரி வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்ற ஒரு நாள், ஆதிகேசவன் என்பவர் அவள் வண்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறார். முழு லோடோடு, இரண்டு டிராக்டர்களுக்கு நடுவில், முழங்கை அகலச் சந்தில் ரிவர்ஸ் எடுத்தாளாம். ஆதிகேசவனுக்குச் சொந்தமாக பஸ்கள் உண்டு. அவற்றை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பஸ்ஸும் டிரைவரும் அவருடையது, ஓடுவது அரசாங்க ரூட். சித்தூர் - திருப்பதி ரூட்டில் அவருக்கு ஒரு டிரைவர் தேவைப்பட்டது. தேவயானியிடம் ஹெவி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எடுத்துப் பல வருஷம் ஆகிறது. லைசென்ஸ் கொடுத்தார்களே தவிர, பெரிய வண்டியை நம்பிக் கொடுக்க அதுவரை ஒருவரும் முன்வரவில்லை.

"திருப்பதில அதிகாரி முன்னாடி டெஸ்ட்டு ஓட்டணும்மா. காக்கி யூனிஃபார்ம், கறுப்பு ஷூ, ரெண்டும் கம்பல்சரி. பாஸ் ஆனா வண்டி உன்னுது. ஆவலன்னா நான் வேற ஆளப் போட்டுக்குவேன். பஸ்ஸ சும்மா நிறுத்தி வக்க முடியாது, பாத்துக்கோ," என்று கறாராகச் சொல்லிவிட்டார் ஆதிகேசவன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டாள். "பள்ளிக்கொடத்துக்குப் போற காலத்துல, பஸ்ஸுல எடம் கெடைச்சாலும் ஒக்கார மாட்டேன். டிரைவர் பின்னாடி கம்பியப் புடிச்சிக்கினு அவரு காலயே பாத்துக்கினு நிப்பேன்," என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மறுநாள் கடையில் முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லோரிடமும் என் மனைவி பஸ் ஓட்டப் போகிறாள் என்று சொல்லிவிட்டேன். வாயை அடக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் எனக்கு என்றைக்குமே கிடையாது.

ஷூ விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. எங்கள் கடையின் மேல்தட்டு அயிட்டத்தை எடுத்தேன். அசல் தோல், கெட்டி அடி, முன்பக்கத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அதிகாரியே எழுந்து சல்யூட் அடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். சாயங்காலம் அவள் லோடு இறக்கிவிட்டு வந்ததும் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, சாக்ஸ் மாட்டி, நானே லேஸ் கட்டிவிட்டேன். அளவு கச்சிதம்.

"இன்னிலேர்ந்து தெனமும் கொஞ்ச நேரம் வூட்டுக்குள்ளயே போட்டுக்கினு நட. கால் பழகிக்கும்," என்றேன்.

தேவயானி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வூட்டுக்குள்ளயா? சாமி படம் மாட்டிக்கீற வூட்லயா? ஷூ போட்டுக்கினு அடுப்பாண்ட நின்னு கொழம்பு கிண்டச் சொல்றீங்களா?"

பத்தாவது படிக்கும் எங்கள் மகள் தரணி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "நைனா, கடையில எல்லாருக்கும் இதத்தான சொல்றே? நம்ம ஊர்ல யாருனா வூட்டுக்குள்ள ஷூ போட்டுக்கினு நடப்பாங்களா? அதான் அத்தினி பேரும் காலப் புண்ணாக்கிக்கினு ஒங்கிட்டயே வர்றாங்க."

வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வருஷமாக யாருக்கு இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன்? பாவம், மழுப்பியவர்கள் எல்லோரும் என் மனம் நோகக்கூடாது என்றுதான் மழுப்பியிருக்கிறார்கள். நான் சட்டென்று பேச்சைத் திருப்பி, அப்படியானால் லாரியில் உட்கார்ந்து போட்டுப் பழகு என்றேன்.

"லட்சுமி மேல ஷூவ வக்கவா?" என்றாள் தேவயானி. அந்தக் கதவும் மூடிவிட்டது.

வீட்டுக்குள் கூடாது, வண்டிக்குள் கூடாது என்றால் மிச்சம் இருப்பது தெரு ஒன்றுதான். மறுநாள் காலையிலிருந்து தேவயானி புடவைக்குக் கீழே பளபளக்கும் கறுப்பு ஷூவோடு பால் வாங்கப் போனாள், ரேஷன் கடைக்குப் போனாள். ஒன்றுமில்லாவிட்டால் ஊர்க்கோடி வரை சும்மாவாவது போய்த் திரும்பினாள். ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டுக் கன்னியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாமே தேவயானி, போலீசு வேல கெடைச்சிட்ச்சா?"

"இல்லக்கா, பஸ்ஸு ஓட்டப் போறேன். நீ ஏற வந்தா மறக்காம ஆதார் கார்டு எடுத்துக்கினு வா. அத்தக் காட்டுனாத்தான் பொம்பளைங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ," என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள் என் மனைவி. வாசலில் நின்ற நான் உள்ளே போய்ச் சிரித்தேன்.

முதலில் குதிகாலில் கொப்புளம் கண்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன். பின்பக்க விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நீவிவிட்டேன். கொப்புளம் ஆறும்வரை பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். நாளாக நாளாகத் தோல் அவள் காலுக்கு வளைந்து கொடுத்தது. நடையும் மாறியது. ஆரம்பத்தில் முள்ளை மிதித்தவள் மாதிரி நடந்தவள், இப்போது தெருவே தனக்குப் பட்டா போட்டது போல நடந்தாள். என் வேலை முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்த ஷூவோடு அவள் இன்னும் ஒரு பெடலைக்கூடத் தொடவில்லை என்பது என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "டெஸ்ட்டுல பஸ்ஸ ஷூவோடதான மிதிக்கணும்? ஒங்க நைனா வாங்கின வண்டி மட்டுந்தான் லட்சுமியா? அந்த பஸ்ஸு லட்சுமி இல்லியா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். மறுநாள் எழுந்து பார்த்தால் துவைக்கிற கல்லின் மேல் ஷூவைக் கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வெயிலில் காயவைத்தாள். காய்ந்ததும் அடியில் மஞ்சள் பூசினாள். ஷூவுக்கு மஞ்சள் பூசினதை என் சர்வீஸில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இனிமே இது தரைய மிதிக்காது. வண்டிக்குள்ள மட்டுந்தான். தரைய மிதிக்காத ஷூவும் காலும் ஒண்ணுதான்," என்றாள் தீர்மானமாக. எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. யாருடைய அனுமதியும் கேட்காமல், தன் சாமியோடு தானே பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். வெறுங்காலோடு லாரியில் ஏறி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே ஷூவை மாட்டி லேஸைக் கட்டினாள். நானும் தரணியும் வாசலில் நின்றோம். கன்னியம்மாளும் வந்துவிட்டாள்.

வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடியும் குதித்து நின்றது. எத்தனையோ டன் மாங்காயை மேட்டிலும் பள்ளத்திலும் அலுங்காமல் கொண்டுபோனவள், காலி வண்டியைச் சொந்த வாசலிலிருந்து கிளப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மாள் கேலி செய்யாமல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள், அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. தேவயானி ஷூவைக் கழற்றிச் சீட்டில் விட்டெறிந்துவிட்டு இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"கையில துணியச் சுத்திக்கினு சோறு துன்ற மாதிரி கீது. சோறு எங்க கீது, எல எங்க கீதுன்னே தெர்ல. கிளட்ச் எந்த எடத்துல புடிக்குதுன்னு பாதம் சொல்லணும். இந்த அடி சொல்ல மாட்டேங்குது," என்றாள்.

தப்பு என்னுடையது. நான் பார்வைக்கு ஷூ வாங்கினேனே தவிர பெடலுக்கு வாங்கவில்லை. நாளைக்கே மெல்லிய அடி வைத்த வேறு ஜோடி எடுத்து வருகிறேன் என்று சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அங்க எந்த பஸ்ஸு குடுப்பாங்களோ, அதும் கிளட்ச் எப்பிடி இருக்குமோ தெரியாது. ஷூவயும் மாத்திக்கினே கெடந்தா நான் எதத்தான் பழகறது? கால் புண்ணாயி ஆறிப்போச்சி. இதயே வழிக்குக் கொண்டாறேன்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த ஷூவுக்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. கடையிலிருந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து அதன் அடியை இரண்டு கையாலும் வளைத்து வளைத்து நிமிர்த்துவேன். நடப்பதற்கு ஷூ வளைய வேண்டிய இடம் எனக்குத் தெரியும், விரல்கள் மடங்கும் கோட்டில் குறுக்காக. தேவயானி பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க இல்ல, இங்க," என்று இடது ஷூவில் சுண்டுவிரல் பக்கமாக விரலை வைத்துக் காட்டுவாள். நான் அங்கே வளைப்பேன். வீட்டு வேலை முடிந்ததும் அவள் லாரியை எடுத்துக்கொண்டு, சீசன் முடிந்து வெறிச்சோடிக் கிடந்த மாங்காய் மண்டி மைதானத்துக்குப் போவாள். குதிகாலை வண்டித் தளத்தில் ஊன்றிக்கொண்டு, முன்பாதத்தால் மட்டும் கிளட்சை மயிரிழை மயிரிழையாக விடுவாள். நிற்கும், எடுப்பாள். மறுபடி நிற்கும், மறுபடி எடுப்பாள். அலுத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். ஷூவைத் திட்டுவாள், ஷூவைச் செய்தவனைத் திட்டுவாள், வாங்கி வந்தவனையும் சேர்த்துத்தான் திட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். மைதானத்து ஓரத்தில் லோடு ஏற்றுவதற்காக ஒரு மண் சரிவு உண்டு. அதன் நடுவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, கிளட்ச்சாலேயே தாங்கிப் பிடித்தாள். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் நகரவில்லை, அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மேலே ஏறியது. சீட்டிலேயே ஷூவைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்து என் மடியில் போட்டாள். இடது ஷூவில் நான் இதுவரை எந்தக் காலிலும் பார்த்திராத ஒரு சாய்ந்த மடிப்பு விழுந்திருந்தது. வலதில் குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அதை எத்தனை பேர் காலில் மாட்டினாலும் ஒருவருக்கும் பொருந்தாது. எனக்கு அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

டெஸ்ட் அன்று லீவு போட்டுவிட்டு அவளோடு திருப்பதிக்குப் போனேன். ஆதிகேசவன் எங்களுக்கு முன்பே மைதானத்துக்கு வந்திருந்தார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. பஸ்கள் நின்று நின்று மண்ணும் ஆயிலும் சேற்றோடு குழைந்து கிடந்தன. கூட வந்தவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். காக்கி போட்ட ஆண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் தேவயானி. காக்கிச் சட்டை, காக்கிப் பேண்ட், தோளில் எப்போதும் லாரியில் போட்டுக்கொள்ளும் துண்டு. வெறுங்கால். கையில் எங்கள் கடைப் பை.

அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுத்தர வயது, கண்டிப்பான முகம். தேவயானியின் காலைப் பார்த்தார். "ஷூ ஏதம்மா?"

"சஞ்சிலோ உந்தி சார்," என்று பையைத் தூக்கிக் காட்டினாள். வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஷூவைக் காலில் போடுவார்களா, பையில் போடுவார்களா என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார். போட்டுக்கொண்டு நில், இல்லாவிட்டால் கிளம்பு என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை பேரைப் பார்க்கிறவர், இவள் சாமியோடு செய்துகொண்ட ஏற்பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

தேவயானி ஷூவைப் பையிலிருந்து எடுத்து அதன் மஞ்சள் அடியைப் பார்த்தாள். பிறகு அந்தச் சேற்றிலேயே நின்று காலில் மாட்டினாள். தரையே தொடாமல் காப்பாற்றிய அடி, கறுப்பு ஆயிலில் சளக்கென்று பதிந்தது.

டெஸ்ட் தொடங்கியது. முதலில் ஏறியவர் நல்ல ஓட்டுநர்தான், உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. ஆனால் கிளட்சை விடும்போது ஆயில் ஷூ வழுக்கி, பஸ் ஒரு எகிறு எகிறி நின்றது. அதிகாரி சத்தம் போட்டார். அடுத்தவருக்கும் அதே கதி. பெரிய மீசைக்காரர் ஒருவர் பிரேக்கை மிதித்தபோது கால் நழுவி, கோட்டைத் தாண்டிப் போய் நிறுத்தினார். தேவயானியைப் பார்த்து முதலில் சிரித்தவர் அவர்தான். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது.

அவள் முறை வந்தது. டிரைவர் கதவுக்குக் கீழே போய் நின்றாள். கைப்பிடியைப் பிடித்தாள். அதே நொடியில், பிறந்ததிலிருந்து ஊறிப்போன பழக்கம், இடது கால் குதிகாலை அழுத்தி ஷூவிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது.

"ஏமே! ஷூ!" என்று கத்திவிட்டேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. யார் நீ என்று அதிகாரி தெலுங்கில் அதட்டினார். டிரைவரின் புருஷன் சார் என்றேன். டெஸ்ட்டே இன்னும் முடியவில்லை, என் வாய் அவளை டிரைவர் ஆக்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்றார்.

தேவயானி குதிகாலை மறுபடி உள்ளே தள்ளினாள். ஆனால் ஏறவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்தாள். ஒற்றைக் காலில் நின்று, இடது காலை முழங்காலின் மேல் தூக்கி வைத்து, ஷூவின் அடியைத் துடைத்தாள். சேறு போனதும் துண்டைத் திருப்பி, ஆயில் போகிறவரை அழுத்தித் துடைத்தாள். துடைத்த காலைத் தரையில் வைக்காமல் நேராகப் படியில் வைத்துக்கொண்டு, அடுத்த காலைத் தூக்கித் துடைத்தாள். ஒன்றும் அவசரப்படவில்லை. என்ன செய்கிறாய் என்று அதிகாரி கேட்டார்.

"பண்டி லட்சுமி காதா சார்?" என்றாள் தேவயானி, வண்டி லட்சுமி இல்லையா என்று.

அவர் ஏறு என்று கை காட்டினார். அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஸ் கிளம்பியது. கிளம்பினதே தெரியவில்லை, சக்கரம் சுற்றுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் வந்து நின்றாள், ஒரு கம்பமும் அசையவில்லை. வளைவு வளைவாகப் போனாள். அதிகாரி அவளை ரோட்டுக்குக் கூட்டிப் போனார். அவர்கள் திரும்பி வரும்வரை நான் ஏழுமலையானிடம் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். மொட்டை போடுகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன், என் தலையில் மிச்சமிருக்கிற நாலு முடிக்கு அவர் ஏமாந்தாரோ என்னவோ.

பஸ் திரும்பி வந்து, புறப்பட்ட கோட்டிலேயே நின்றது. அதிகாரி இறங்கினார். ஆதிகேசவனைப் பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினார். பிறகு தேவயானியைப் பார்த்து, "பாக நடிபாவம்மா," என்றார். நன்றாக ஓட்டினாய் என்று சொன்ன அந்தக் கண்டிப்பான முகம் அப்போதும் சிரிக்கவில்லை. அடுத்து வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பியவர், "அந்தரூ ஷூ துடுசுகோண்டி!" என்று ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் துண்டும் கைக்குட்டையும் தேடி, ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு ஷூ துடைத்தார்கள். கோட்டைத் தாண்டி நிறுத்திய மீசைக்காரருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அவர் தேவயானியிடம் வந்து துண்டை இரவல் கேட்டார், அவளும் கொடுத்தாள்.

நான் ஓடிப்போய்ச் சேற்றிலேயே குந்தி உட்கார்ந்து அவள் லேஸை அவிழ்த்தேன். எத்தனையோ பேர் காலுக்கு முன்னால் குந்தியிருக்கிறேன், அன்றைக்குக் குந்தினதுபோல் பெருமையாக என்றைக்கும் குந்தினதில்லை.

"கடிச்சிதா?" என்றேன்.

"எது?" என்றாள். பிறகுதான் காலைக் குனிந்து பார்த்தாள். "அட, ஷூ போட்டுக்கினு இருந்ததயே மறந்துட்டேங்க."

இதைவிட ஒரு நல்ல வார்த்தையை எந்தக் கஸ்டமரும் என்னிடம் சொன்னதில்லை.

அவள் முதல் நாள் டூட்டிக்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருப்பதிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பார்த்தது மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. டூட்டி என்றால் டூட்டி. பஸ் நிறையக் கூட்டம், பெரும்பாலும் பெண்கள். பூதலப்பட்டில் ஒரு அம்மாள் பையும் குடையுமாக ஏறினாள். டிரைவர் சீட்டைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாது, பொம்பளயா ஓட்டுது? கோவிந்தா! நான் பேரனப் பாக்கப் போறேண்டா சாமி, உசுரோட கொண்டுபோயி சேத்துடு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்து, எனக்கு எதிர்ப்புற சீட்டில் உட்கார்ந்து முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. டிரைவர் யார் தெரியுமா, அவள் காலைப் பற்றி என்ன தெரியும் உனக்கு என்று கேட்க வாய் துடித்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. லாரி குறுக்கே வந்தது, ஆடு குறுக்கே வந்தது, கியர் மாறிக்கொண்டே இருந்தது. எதுவும் உடம்புக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் அந்த அம்மாளின் ஒரு கை கம்பியிலிருந்து இறங்கியது. பிறகு இன்னொரு கையும் இறங்கியது. சந்திரகிரி தாண்டி மலை தெரிந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பையின் மேல் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். இப்போது எழுப்பி, உன்னைக் கொண்டுபோகிறவள் என் பெண்டாட்டி என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்தத் தூக்கத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.